கரண்ட் பில்லைப் பிரித்துக் காட்டிய சின்னப் பெட்டி: பிளக்கில் செருகும் பவர் மீட்டர், எட்டு மாத அனுபவம்

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டு பதினாறு வருடமாக என் கையில்தான் இருக்கிறது. மளிகை, பள்ளிக் கட்டணம், பஸ், மருந்து என்று எந்த வரியைக் கேட்டாலும் காரணம் சொல்லிவிடுவேன். போன மாதம் மருந்துச் செலவு ஏன் கூடியது என்றால், அத்தைக்கு (என் மாமியார்) மூட்டுவலி மாத்திரை மாறிய பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடலாம். ஒரே ஒரு வரிக்குத்தான் பதில் இருந்ததில்லை. கரண்ட் பில். மொத்தமாக ஒரு தொகை வரும், கட்டுவோம், எழுதுவோம். அதில் எது எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாத இடத்தில் சண்டைதான் வரும். போன் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று மகனை அத்தை கண்டிப்பார். பாட்டி அறையில் இரவு விளக்கு விடிய விடிய எரிகிறதே என்று மகள் கேட்பாள். இஸ்திரிப் பெட்டியை எடுத்தாலே நான் என் கணவரைப் பார்ப்பேன். இத்தனைக்கும் பில் அசைந்ததே இல்லை. அதனால்தான் இந்த மீட்டரை வாங்கினேன். எட்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: உள்ளங்கை அளவுப் பெட்டி. ஒரு பக்கம் சுவர் சாக்கெட்டில் செருகும் பின்கள், மறுபக்கம் நம் பொருளின் பிளக்கைச் செருக ஒரு சாக்கெட், நடுவில் திரை. செருகிய பொருள் இந்த நொடியில் எத்தனை வாட் எடுக்கிறது, இதுவரை எத்தனை யூனிட் (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) ஆகியிருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்பது) எல்லாம் கூட வரும். பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. இதே அச்சில் பல பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

சொல்வதை நம்பலாமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. வீட்டின் மெயின் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்குமே, கவனித்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 3200. ஒரு யூனிட் ஓடி முடிக்க அந்த விளக்கு 3200 முறை சிமிட்டும் என்று அர்த்தம். வேறு மீட்டர்களில் 1000, 1600 என்றும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபிரிட்ஜ் உட்பட வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் இந்தப் பெட்டி வழியாக எரியவிட்டேன். பெட்டி 98 வாட் என்றது. மகள் மெயின் மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, சிமிட்டலை எண்ணினாள். இருபது சிமிட்டலுக்கு 3 நிமிடம் 50 நொடி. கணக்குப் போட்டால் 97.8 வாட். அம்மா, சரியா இருக்கு என்று அவள் வாசலிலிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளக் இல்லாமல் நேரடியாக வயர் போட்ட சீலிங் ஃபேன், மோட்டார் போன்றவற்றை இந்தப் பெட்டியில் அளக்க முடியாது. அவற்றுக்குச் சிமிட்டலை எண்ணுகிற முறைதான். மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டு எண்ணினோம். ஹாலில் இருக்கும் பழைய ஃபேன் முழு வேகத்தில் 74 வாட் எடுக்கிறது. இதற்குக் காசு எதுவும் வேண்டாம். மீட்டர் வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

சரி, சண்டைகளுக்கு வருகிறேன்.

முதலில் சார்ஜர். போன் இல்லாமல் வெறும் சார்ஜரைச் செருகினால் திரையில் 0.0. உண்மையில் அது சுத்தமான சுழியம் இல்லை, இந்த மீட்டரால் பிடிக்க முடியாத அளவு சிறியது. போனை முழுதாகச் சார்ஜ் செய்து பார்த்தேன், 0.02 யூனிட் வந்தது. தினம் ஒருமுறை சார்ஜ் செய்தாலும் வருடம் முழுக்கச் சேர்த்து ஏழெட்டு யூனிட்தான். இதற்காகவா அந்தப் பிள்ளை இத்தனை வருடம் பேச்சு வாங்கினான்? அத்தையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் போய், சாயங்காலம் அவன் வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அடுத்தது இரவு விளக்கு. அத்தை அறையில் இருந்தது பழைய ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ. பிளக்கோடு வரும் ஹோல்டரில் மாட்டி அளந்தால் 14 வாட்! இரவு பத்து மணி நேரம் எரிந்தால் மாதம் நான்கு யூனிட்டுக்கு மேல். அதே வெளிச்சத்துக்கு ஒரு சின்ன எல்ஈடி இரவு விளக்கு அரை வாட்தான். மாற்றிவிட்டோம். வயதானவர்கள் அறையில் இரவு வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும், எழுந்து நடக்கும்போது விழுந்துவிடக் கூடாது. ஆகவே அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் தப்பு, மாற்றியிருக்க வேண்டும். அந்த விஷயம் அளந்த பிறகுதான் புரிந்தது.

இஸ்திரிப் பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. தினம் இரண்டு சட்டை என்று தேய்த்தால் வாரத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஞாயிறன்று மொத்தமாகத் தேய்த்தால் முக்கால் யூனிட்டுக்கும் கீழே. ஒவ்வொரு நாளும் பெட்டி குளிர்ந்து மறுபடி சூடேறுவதில் போகும் கரண்ட் அது. மிச்சம் உண்டு, ஆனால் மனிதரை நச்சரிக்கிற அளவுக்கு இல்லை. அவரே இப்போது மொத்தமாகத் தேய்க்கிறார், அது வேறு விஷயம்.

இந்த மீட்டர் எனக்குக் காட்டிக்கொடுத்த பெரிய விஷயம் ஃபிரிட்ஜ். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபிரிட்ஜை ஒரு நிமிடம் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கம்ப்ரசர் ஓடும்போது 130 வாட் காட்டும், நின்றதும் இரண்டு மூன்று வாட்டுக்கு இறங்கிவிடும். அதனால் மூன்று முழு நாள் மீட்டரிலேயே விட்டேன். 7.2 யூனிட். ஒரு நாளைக்கு 2.4. எங்கள் மொத்தச் செலவு மாதம் 190 யூனிட் அளவில் இருந்தது. அதில் 72 இந்த ஒரு பெட்டி மட்டும். யாரும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஏனென்றால் யாரும் அதைப் போடுவதோ அணைப்பதோ இல்லை. மூலையில் நின்று தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

கதவு ஓரத்தில் வேர்த்த மாதிரி தண்ணீர் நிற்கிறது என்று அத்தை சில மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவேன். இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தாளைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். பிடித்துக்கொண்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று உள்ளே போகிறது. மேல் பக்கம் தாள் பிடித்தது. கைப்பிடிப் பக்கமும் பிடித்தது. கீழே, கீல் இருக்கும் மூலையில், ஒரு சாண் நீளத்துக்குத் தாள் சும்மா வந்துவிட்டது. அந்த இடத்தில் ரப்பரின் மடிப்புக்குள் கறுப்பாக அழுக்கு படிந்து, ரப்பர் உள்பக்கமாகச் சுருண்டிருந்தது.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வெதுவெதுப்பான சோப்பு நீரில் தோய்த்து மடிப்பு மடிப்பாகத் தேய்த்தேன். ஃபிரிட்ஜின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. அது உள்ளிருந்து எடுக்கும் சூட்டை வெளியே விடும் இடம் அது, அங்கே காற்றோட்டம் இல்லாவிட்டால் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடத்தான் செய்யும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்னால் இழுத்து, பின்னால் இருந்த கம்பிகளில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்த தூசியைத் துடைத்தோம். ஒரு கையகலம் இடைவெளி விட்டு நிறுத்தினோம். மறுபடி மூன்று நாள் மீட்டர். நாளுக்கு 2.0. அப்புறம் ரப்பரை மட்டும் புதிதாக மாற்றினோம். 1.6.

நாளுக்கு 0.8 யூனிட் மிச்சம். மாதம் 24. வருடத்துக்கு 290 யூனிட்டுக்கு மேல். வீட்டில் ஒருவரும் எந்த வசதியையும் விடவில்லை, ஒருவரையும் ஒருவர் திட்டவில்லை. இந்த ஒன்றுக்காகவே மீட்டருக்குக் கொடுத்த காசு தகும் என்பேன்.

ஃபிரிட்ஜை அளக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெயில் நாளில் முதல் அளவையும் மழை நாளில் இரண்டாவது அளவையும் எடுத்தால் கணக்கு பொய் சொல்லும். அறை சூடாக இருந்தால் ஃபிரிட்ஜ் கூட ஓடும். நான் மூன்று அளவையும் அடுத்தடுத்த வாரங்களில், ஏறக்குறைய ஒரே மாதிரி வெயிலில் எடுத்தேன். கோடையில் ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும்.

அணைத்துவிட்டோம் என்று நினைக்கும் பொருள்கள் சும்மா இருப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே, எந்தச் சாதனமும் இப்படிக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று திட்டம் ஒன்றை முன்வைத்தது. ஒரு வாட் என்றால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஆக ஒரு வாட் விடாமல் ஓடினால் 8.76 யூனிட். இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் டிவி அலமாரியைப் பார்த்தேன். டிவி ரிமோட்டில் அணைத்தால் அரை வாட்டுக்கும் கீழே. நல்லது. ஆனால் செட்டாப் பாக்ஸ்! ஓடும்போது 12 வாட், ரிமோட்டில் அணைத்த பிறகு 11 வாட். பச்சை விளக்கு சிவப்பாக மாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் பார்ப்பது ஐந்தாறு மணி நேரம், மீதி நேரமெல்லாம் வீண். இப்போது சுவர் சுவிட்சிலேயே அணைக்கிறோம், மாதம் ஆறு யூனிட் குறைகிறது. திரும்பப் போட்டால் படம் வர மூன்று நிமிடம் ஆகும். அத்தை அந்த நேரத்தில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருகிறார்.

வைஃபை பெட்டி 7 வாட். இரவில் அணைத்தால் மாதம் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றே கூட மிஞ்சும். இதை நான் விட்டுவிட்டேன். மகன் காலையில் எழுந்ததும் படிக்க உட்காருகிறவன், அவனுக்குத் தடை வேண்டாம். எல்லா மிச்சத்தையும் பிடிக்க வேண்டும் என்று இல்லை. எதை விடலாம் என்று தெரிந்துகொள்ளவும் இந்த எண்கள் வேண்டும்.

வாஷிங் மெஷினில் சுடுநீர் போட்டால் ஒரு முறைக்கு 0.9 யூனிட், சாதா தண்ணீரில் 0.2. துணி துவைக்கப் போவது கொஞ்சம்தான், மீதி முழுக்கத் தண்ணீரைச் சூடாக்கப் போகிறது. படுக்கை விரிப்புக்கும் காய்ச்சல் வந்தவர் துணிக்கும் மட்டும் இப்போது சுடுநீர். கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க 0.1 யூனிட் ஆகிறது. ஒரு டம்ளர் வேண்டியவர் ஒரு டம்ளர் மட்டும் ஊற்றினால் போதும் என்று உள்ளே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த ‘மின்சாரம் மிச்சப்படுத்தும் கருவி’. இரண்டு வருடத்துக்கு முன் வீடு தேடி வந்த ஒருவரிடம் என் கணவர் வாங்கியது. சாக்கெட்டில் செருகி வைத்தாலே பில் பாதியாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சமையலறையில் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. மீட்டரில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, அதில் டேபிள் ஃபேனை ஓடவிட்டேன். 46 வாட். பக்கத்தில் அந்தக் கருவியையும் செருகினேன். 46.4. ஃபேன் எடுப்பது துளியும் குறையவில்லை, கருவியின் பச்சை விளக்குக்கான கரண்ட்தான் சேர்ந்தது. இதில் ஒரு மின்தேக்கி இருக்கும், அது பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும், அதனால் ஆம்பியர் குறையும் என்பார்கள். வீட்டு மீட்டர் நம்மிடம் காசு வாங்குவது ஆம்பியருக்கு இல்லை, வாட்டுக்கு. இதே குழப்பத்தில் பலர் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வைஃபை பெட்டி மாதிரி சின்னப் பொருள்களில் அந்தப் பெருக்கல் உண்மையான வாட்டைவிட நிறையக் கூடவே வரும். திரையில் W என்று தனியாக இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அந்தக் கருவி இருந்தது. நேரில் போய் அளந்து காட்டிவிட்டு வந்தேன். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு, இப்படிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

இனி மீட்டரின் குறைகள். திரைக்கு உள் வெளிச்சம் கிடையாது. சாக்கெட் தரையை ஒட்டி இருந்தால் டார்ச்சோடு படுத்துத்தான் படிக்க வேண்டும். மூன்று பட்டன்கள், எது எதற்கு என்று எழுதவில்லை, கையேடு பொடி எழுத்தில் இருக்கிறது. கணக்கை நினைவில் வைக்க உள்ளே ஒரு பட்டன் பேட்டரி உண்டு. எனக்கு வந்ததில் அது முதலிலேயே செத்திருந்தது. ஃபிரிட்ஜை முதல்முறை அளந்தபோது இரண்டாம் நாள் கரண்ட் போனதும் எண் எல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வாங்கியதும் செருகி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிடுங்கிப் பாருங்கள். எண் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றிவிடுங்கள், கடிகாரத்துக்குப் போடும் வகைதான். இரண்டு வாட்டுக்குக் கீழே இது சொல்வதை ஒரு குத்துமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யூனிட் விலையை உள்ளே போட்டால் தொகையாகவும் காட்டும். ஆனால் ஒரே ஒரு விலைதான் போட முடியும். யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற படிக்கட்டுக் கட்டணம் உள்ளவர்களுக்கு அந்தத் தொகை உதவாது. நாம் மிச்சப்படுத்தும் யூனிட் மேல்படியிலிருந்துதான் கழியும், அதாவது விலை கூடின யூனிட். ஆகவே சராசரி விலையைப் போட்டிருந்தால், திரை சொல்வதைவிட நிஜ மிச்சம் கூடவே இருக்கும். நான் அந்த வசதியைத் தொடுவதே இல்லை, யூனிட்டை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு பில்லோடு ஒப்பிடுகிறேன்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பெட்டியின் பின்பக்கம் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டார் என்று கொடுத்தேன். அவர்கள் வீட்டில் அடாப்டர் போட்டு பெரிய வாட்டர் ஹீட்டரைச் செருகிவிட்டார்கள். நல்லவேளை, வாடை வந்ததும் அணைத்துவிட்டார். பிளாஸ்டிக் ஒரு ஓரம் பழுப்பேறிவிட்டது. அந்தப் பெட்டியைத் திரும்பப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை, வேறொன்று வாங்கினேன். தப்பு என்னுடையதுதான், சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஹீட்டர், ஏசி போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் வகை தனியாகக் கிடைக்கிறது. அதிலும் பெட்டி சூடாகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் தரை மட்டச் சாக்கெட்டில் இதைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள்.

கணக்கு என்ன ஆயிற்று என்றால், 190 சுற்றி இருந்த மாத யூனிட் இப்போது 150 அளவில் நிற்கிறது. இரண்டு மீட்டருக்கும் ஃபிரிட்ஜ் ரப்பருக்கும் ஆன செலவு ஏழாம் மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. நோட்டில் கரண்ட் பில் வரிக்குக் கீழே இப்போது ஐந்து சிறு வரிகள் இருக்கின்றன: ஃபிரிட்ஜ், துணி, தண்ணீர், டிவி, மற்றவை.

எல்லோரும் வாங்க வேண்டுமா? தேவையில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு மாத வேலைதான் இதற்கு. நான்கு வீடு சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டால் போதும். எங்களுடையது இப்போது நாத்தனார் வீட்டில் இருக்கிறது. எதை எதை அளக்கக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி அதன் முதுகில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் அது திரும்பி வர வேண்டும், ஃபிரிட்ஜுக்கு இன்னொரு மூன்று நாள் பாக்கி இருக்கிறது.